மூன்று நாள் ஓட்டமும் எங்கள் வீட்டுக் குசினியும்



கற்பிட்டிப் பக்கம் வந்து போனவர்களுக்கு எங்கள் தெருவைத் தெரிந்திருக்கும். பாலாவியில் திரும்பினால் ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல். நடுவில் தென்னந்தோட்டமும் மணலும் மரக்கறித் தோட்டங்களும். விடியற்காலையில் அந்தத் தெருவில் ஓடுவதெல்லாம் மரக்கறி லொறியும் மீன் லொறியும் பஸ்ஸும்தான். சில வருடங்களாக எங்கள் ஊர்ப் பொடியன்மாரும் சேர்ந்து ஓடுகிறார்கள். ஸுபஹ் தொழுதுவிட்டு வீட்டுக்கு வராமல் அப்படியே ஓடிவிட்டு, ஆறரை மணிக்கு மணலும் வியர்வையுமாக வாசலில் வந்து நின்று, "உம்மா, பிளேன்டி" என்று கேட்கிறார்கள். என் மகனும் அவர்களில் ஒருவன்.

அவர்களுக்கு ஒரு விளையாட்டுக் கழகம் இருக்கிறது. அதில் பாதிப் பேர் இந்த ஊர்ப் பிள்ளைகள். மீதிப் பேர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். கல்யாண வீட்டில் இன்னும் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஓட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. யார் முன்னால், யார் பின்னால் என்பதுதான் கேள்வி.

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். "மாமி, சுற்றுவட்டாரக் கழகங்களையெல்லாம் கூப்பிட்டு மூன்று நாள் ஓட்டப் போட்டி நடத்தப் போகிறோம். நீங்கள் காசுக் கணக்கைப் பார்த்துத் தர வேண்டும்" என்றார்கள்.

ஒரு நாள் மரதன் எங்களுக்குப் புதிதல்ல. சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஊருக்கு ஊர் நடக்கும். பாடசாலைகளிலும் வருடா வருடம் நடக்கும். மூன்று நாள் ஓட்டம் என்ன கணக்கு என்று கேட்டேன். மகன் விளக்கினான். ஒவ்வொரு நாளும் ஒரு தூரம். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தை எழுதி வைத்து, கடைசி நாளில் மூன்றையும் கூட்டுவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்குக் கிண்ணம். முதல் நாள் 18 நிமிடம் 40 செக்கன், இரண்டாம் நாள் 39 நிமிடம் 10 செக்கன், மூன்றாம் நாள் 23 நிமிடம் 5 செக்கன் என்றால் மொத்தம் 80 நிமிடம் 55 செக்கன். ஒரு நாள் பாய்ந்து ஓடி மறுநாள் படுத்துவிட்டால் பயனில்லை. அளவறிந்து ஓடுகிறவனே வெல்வான்.

இது வெளிநாட்டில் பழைய பழக்கம்தானாம். மொரோக்கோவின் பாலைவனத்தில் 1986 முதல் சுமார் 250 கிலோமீற்றர் தூரத்தைப் பல நாட்களில் ஓடுகிறார்கள். சாப்பாட்டையும் முதுகில் சுமந்துகொண்டே ஓட வேண்டும். அதில் சேரவே பல லட்சம் ரூபா கட்ட வேண்டும். அது நமக்கு ஆகாது. ஆனால் இங்கிலாந்தில் மன்செஸ்டருக்குப் பக்கத்தில் டேம்சைட் என்ற இடத்தில் 1983இல் தொடங்கிய பல நாள் ஓட்டம் இருக்கிறது. 1970இல் பொஸ்டன் மரதனை வென்ற ரொன் ஹில்லின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது அது. வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற சாதாரணக் கழக ஓட்டக்காரர்கள் பக்கத்து ஊர்த் தெருக்களில் ஓடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிற ஓட்டம். எங்கள் பொடியன்மார் கேட்டது அந்த மாதிரித்தான்.

அவர்கள் கொண்டு வந்த செலவுக் கணக்கில் முதல் வரி இது: "ரீசேர்ட் 60, ஒன்று 1,200 ரூபா, மொத்தம் 72,000." இரண்டாவது வரி கிண்ணங்கள். மூன்றாவது ஒலிபெருக்கி. தண்ணீர் என்று ஒரு வரி கிடையாது. வைத்தியம் என்றும் இல்லை.

சகோதரிகளே, எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது திருக்கோவில். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த வருடம் கடுமையான வெயில். மாணவர்களை வெயிலில் விளையாட விட வேண்டாம் என்று கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவித்திருந்த காலம் அது. காலையில் ஓடப் போன பிள்ளை வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தத் தாயை நான் பார்த்ததில்லை. ஆனால் செய்தி வந்த அன்று என் மகன் ஓடிவிட்டு வரும் வரை நான் வாசலிலேயே நின்றேன்.

பொடியன்மாரிடம் ஒரேயொரு நிபந்தனைதான் சொன்னேன். "காசு குறைவு என்றால் ரீசேர்ட்டைக் குறையுங்கள், கிண்ணத்தைக் குறையுங்கள். தண்ணீரையும் நிழலையும் வாகனத்தையும் குறைக்க முடியாது. அதற்குச் சம்மதம் என்றால் நானும் வருகிறேன், மற்ற உம்மாமாரையும் கூட்டி வருகிறேன்." கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சம்மதித்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு விறாந்தையில் உம்மாமார் பதினொரு பேர் கூடினோம். நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்படி ஒன்றைக் கேட்டு வந்தால் உதவும்.

முதலில் காலம். எங்கள் கரையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். மார்ச், ஏப்ரல் வெயில் சொல்லத் தேவையில்லை. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் தலவில தேவாலயத் திருவிழா என்பதால் தெரு நிறைய வாகனம். மிஞ்சுவது ஜனவரி. விடியல் குளிர்ச்சியும் அப்போதுதான். நோன்பு மாதமும் பரீட்சையும் குறுக்கே வராத வெள்ளி, சனி, ஞாயிறைத் தெரிந்தெடுத்தோம். காலை 6.15க்குத் தொடக்கம், 7.40க்குப் பிறகு எவரும் தெருவில் இருக்கக் கூடாது என்பது சட்டம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் இடைஞ்சல் இல்லை.

அடுத்தது பாதை. கற்பிட்டிப் பெருந்தெருவில் ஓட விட மாட்டோம் என்று ஒரே குரலில் சொன்னோம். லொறிக்காரருக்கு விடியற்காலையில் அவசரம். தென்னந்தோட்டங்களுக்கு நடுவே போகும் உள் தெருக்களையே எடுத்தோம். முதல் நாள் 5 கிலோமீற்றர், இரண்டாம் நாள் 10, மூன்றாம் நாள் 6.1. மூன்றையும் கூட்டினால் அரை மரதன் தூரம். தூரத்தை அளக்கச் சைக்கிளே போதும். ரயரில் ஓர் இடத்தில் வெள்ளைக் கோடு போட்டு, ஆள் ஏறி இருக்கும்போது சக்கரம் ஒரு தடவை சுற்றினால் எவ்வளவு தூரம் போகிறது என்று அளவு நாடாவால் பார்க்க வேண்டும். எங்கள் சைக்கிளுக்கு 2.1 மீற்றர் வந்தது. அப்படியானால் 476 சுற்று ஒரு கிலோமீற்றர். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, இரண்டு கணக்கும் ஒத்துப்போன பிறகுதான் சுண்ணாம்பால் அடையாளம் போட்டார்கள்.

பிறகு அனுமதி. பொலிஸுக்கு ஒரு கடிதம், பிரதேச சபைக்கு ஒன்று, பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தருக்கு ஒன்று, வைத்தியசாலைக்கு ஒன்று. கடிதத்துக்குச் செலவு இல்லை, கால் நடைதான் செலவு. வைத்தியசாலைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தது மிகவும் நல்லதாயிற்று. எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர், எந்தப் பாதை என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

தண்ணீர்தான் எங்கள் பெரிய வேலை. எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உவர். அதனால் நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தோம். இரண்டரைக் கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். 10 கிலோமீற்றர் நாளில் மூன்று பந்தல். 40 பேருக்கு ஒரு பந்தலில் ஆளுக்கு 200 மில்லிலீற்றர் என்றால் 24 லீற்றர். முடிவில் ஆளுக்கு அரை லீற்றர் என்று 20 லீற்றர். தலையிலும் கழுத்திலும் ஊற்றுவதற்கு வேறு. பிளாஸ்ரிக் கோப்பை வாங்கவில்லை. வீட்டுக்கு வீடு சில்வர் கப் சேர்த்து, அடியில் நெயில் பொலிஷால் அடையாளம் போட்டு வைத்தோம். மூன்று நாளும் முடிந்த பிறகு ஒரு கப்கூடத் தொலையவில்லை!

முடிவிடத்தில் கொடுக்க உப்பு-சீனித் தண்ணீர் கரைத்தோம். அளவு எல்லோரும் தெரிந்து வைக்க வேண்டியது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றோட்டத்துக்கும் இதே அளவுதான். உப்பைக் கூட்டிப் போட்டால் நன்மைக்குப் பதிலாகத் தீமை. தேசிக்காய் பிழிந்தால் குடிக்க இலகு. உப்பளம் உள்ள புத்தளத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை, கையை அடக்குவதுதான் கஷ்டம் என்று ஒரு ராத்தா சொல்லிச் சிரித்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாகமில்லாத பிள்ளையை வற்புறுத்திக் குடிக்க வைக்கக் கூடாது. அளவுக்கு மிஞ்சிய வெறும் தண்ணீரும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து மயக்கத்தைக் கொண்டுவரும்.

மீன் முதலாளி ஒருவர் மூன்று நாளும் ஒரு பெட்டி ஐஸ் இலவசமாகத் தந்தார். அது சர்பத்துக்கு அல்ல. ஓடுகிற பிள்ளை தள்ளாடினால், பேச்சுக் குழம்பினால், உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைக்க வேண்டும். நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரும் வரை சும்மா காத்திருக்காமல் உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பந்தலில் நின்ற ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்லும் வரை விடவில்லை. கடைசி ஓட்டக்காரனுக்குப் பின்னால் முச்சக்கர வண்டி ஒன்று மெதுவாக வந்தது.

நேரம் எழுதுவதற்கு யந்திரம் எதுவும் வாங்கவில்லை. முடிவிடத்தில் கயிறு கட்டி ஒருவர் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை அமைத்தோம். கோட்டைத் தாண்டும்போது ஒருவர் நேரத்தைச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். ஒழுங்கையின் முடிவில் 1 முதல் 40 வரை எண் எழுதிய ஐஸ்கிறீம் குச்சியை வந்த வரிசையில் கையில் கொடுக்க வேண்டும். குச்சியைக் கொண்டு போய் மேசையில் பெயரோடு பதிய வேண்டும். முதல் நாள் இரண்டு குச்சிகள் மாறிவிட்டன. இரண்டு கழகங்களுக்கும் வாய்த்தர்க்கம். அடுத்த நாள் முதல் இரண்டு பேர் தனித்தனிக் கொப்பியில் எழுதினார்கள், தர்க்கம் தீர்ந்தது.

இனிக் காசு. ஐந்து கழகங்களிலிருந்து 40 பேர். ஆளுக்கு 300 ரூபா, 12,000. கழகத்தின் சேமிப்பு 10,000. ஊர்க் கடைக்காரர்களும் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளும் தந்தது 16,000. மொத்தம் 38,000. செலவு இப்படி: இலக்கத் துணியும் ஊசியும் 2,000, கடதாசி, பேனை, பற்றுச்சீட்டு 1,500, கயிறும் சுண்ணாம்பும் 1,500, தேசிக்காய், சீனி, ஜீவனிப் பக்கற் 6,000, வாழைப்பழம் 6,000, வண்டிக்குப் பெற்றோல் 4,500, முதலுதவிப் பெட்டி 5,000, சான்றிதழ் 4,000, மூன்று கிண்ணம் 7,500. ரீசேர்ட் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இலக்கத் துணி பழைய படுக்கை விரிப்பில் வெட்டியது. கணக்கை எழுதிப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். காசு தந்தவர்கள் வாசித்துவிட்டு, அடுத்த முறைக்கும் தருவதாகச் சொன்னார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஓடுகிற ஒவ்வொருவரின் வீட்டிலிருந்தும் ஒரு படிவம் வாங்கியிருந்தோம். நெஞ்சு நோவு, வலிப்பு, ஆஸ்துமா உண்டா என்று கேட்டு, கடைசி வரியில், "காய்ச்சல் இருந்தால் என் பிள்ளையை ஓட விடமாட்டேன்" என்று எழுதியிருந்தோம். உம்மாவோ வாப்பாவோ கையொப்பம் இட வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று வாப்பாமார் சிலர் சிரித்தார்கள்.

முதல் நாள் முதலாவதாக வந்தவன் எங்கள் கழகத்துப் பொடியன். அடுத்தவனைவிட 40 செக்கன் முன்னால். ஊரெல்லாம் அவன் பேச்சுத்தான். இரண்டாம் நாள் விடிய, ஐந்தே முக்கால் இருக்கும். நான் பந்தலுக்குப் பீப்பாவை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அவனுடைய உம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். "ராத்தா, அவனுக்கு இரவிலிருந்து காய்ச்சல். எனக்குச் சொல்லவில்லை. பனடோல் காட்டில் நான்கு குளிசை குறைகிறது. இப்போது உடம்பு சூடில்லை, ஆனால் அது மருந்தால் தணிந்தது" என்றார். அவர் குரல் நடுங்கியது. அவரே தொடர்ந்து சொன்னார்: "நான் சொல்லித்தான் நிற்பாட்டினீர்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம்."

காய்ச்சலோடு ஓடினால் உடம்பின் சூடு எல்லை மீறும். சில காய்ச்சல்களில் இருதயத் தசையும் பாதிக்கப்படும். பனடோல் சூட்டைத்தான் தணிக்கும், நோயை அல்ல. டெங்குவும் உலவுகிற மாவட்டம் இது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவனைக் கூப்பிட்டு "நீ ஓட வேண்டாம்" என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மாமி, எனக்கு ஒன்றுமில்லை, சத்தியமாக ஒன்றுமில்லை" என்றான். கழகத் தலைவன் என்னைத் தனியே அழைத்து, "இவன் ஓடாவிட்டால் கிண்ணம் மற்றக் கழகத்துக்குப் போய்விடும்" என்றான். போகட்டும் என்றேன். அதற்கு முன் அந்தத் தாய் பிள்ளைக்கு நேராக வந்து நின்று, "நான்தான் சொன்னேன் மகன். நான் கையெழுத்து வைத்திருக்கிறேன்" என்றார். மறைக்கச் சொன்னவர்தான், மறைக்க முடியாமல் தானே சொல்லிவிட்டார்.

அவன் அன்று முழுக்க அவரோடு பேசவில்லையாம். மத்தியானம் காய்ச்சல் மீண்டும் ஏறி, வைத்தியசாலையில் இரத்தம் சோதித்து, இரண்டு நாள் வார்ட்டில் இருந்தான். டெங்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கிண்ணம் பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போனது. கிண்ணத்தை வென்ற பொடியன் அதைக் கொண்டுபோய் வார்ட்டில் காட்டிவிட்டு வந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்னும் ஒரு விஷயம். பந்தலில் நின்ற எங்கள் பெண் பிள்ளைகள், "நாங்கள் எப்போது ஓடுவது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதல் தடவை ஆயிஷா முந்தியதும், பின்னொரு தடவை நபியவர்கள் முந்தியதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சிஃபான் ஹசன் 5,000 மீற்றரிலும் 10,000 மீற்றரிலும் வெண்கலம் வென்று, ஓகஸ்ட் 11இல் மரதனில் தங்கம் வென்றார். தகுதிச் சுற்றையும் சேர்த்தால் பத்து நாளுக்குள் 62 கிலோமீற்றர் போட்டி ஓட்டம்! ஹிஜாப் அணிந்து வந்துதான் அந்தத் தங்கத்தைப் பெற்றுக்கொண்டார். எத்தியோப்பியாவில் பிறந்து, 15 வயதில் அகதியாக நெதர்லாந்துக்குப் போனவர் அவர். மதில் சூழ்ந்த பாடசாலை மைதானத்தில், பெண்கள் மட்டும் நேரம் எழுத, அடுத்த வருடம் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் வைப்பதென்று பேசியிருக்கிறோம்.

சகோதரிகளே, பிள்ளைகள் ஏதாவது நடத்தப் போகிறோம் என்று வந்தால், "வேண்டாம்" என்பதும் இலகு, "எப்படியாவது செய்யுங்கள்" என்று விட்டுவிடுவதும் இலகு. செலவுக் கணக்கை வாங்கிப் பாருங்கள். தண்ணீர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே எழுதிச் சேருங்கள். படிவத்தில் கையொப்பம் இட்டால் அதன்படி நில்லுங்கள்.

அந்தப் பொடியன் இப்போது மறுபடியும் ஓடுகிறான். நேற்று விடியவும் எங்கள் வாசலைக் கடந்து போனான். பின்னால் அவன் உம்மா படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.